வாசலில் இல்லாத பாதரட்சை

கொன்றைநாட்டை ஆண்ட மருதவர்மனுக்கு ஒரு பலவீனம். ஓலையில் எழுதிக் கொடுத்தால் எதையும் நம்பிவிடுவான். கண்ணால் கண்டாலும் ஓலையில் இல்லையென்றால் நம்பமாட்டான். நல்ல மனுஷன்தான். ஆனால் இப்படிப்பட்டவர்களிடம் வேலை பார்ப்பது லேசில்லை.

அவனுடைய ஓலைகளைப் படித்து, பதில் எழுதுகிறவள் கோமளவல்லி. சபையில் பெண்ணா என்று கேட்காதீர்கள். இருந்தாள். இல்லாவிட்டால் அங்கே வேலை நடந்திருக்காது.

அரண்மனைக் கலாசாலையில் ஒரு நல்ல வழக்கம். மாதம் ஒருமுறை ஆசிரியர் ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போவார். சாவடியில் உட்கார்ந்து சனங்களுக்கு இலவசமாகப் பாடம் நடத்துவார். ஒரு மாதம் கடிதம் எழுதுவது, ஒரு மாதம் விதை தேர்ந்தெடுப்பது, ஒரு மாதம் ஆட்டு வைத்தியம். பாடம் சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கத் தலைமைப் பண்டிதர் பரமகுருவும் கூடவே போவார். போவார் என்றால், வண்டி வரைக்கும் போவார். கீழே இறங்கினால் சேறு. அதனால் கூண்டுக்குள் திண்டில் சாய்ந்தபடியே மேற்பார்வை முடிந்துவிடும்.

ஒருநாள் அவர் சபையில் ஓலை நீட்டினார். கோமளவல்லி படித்தாள்.

"ஓடைப்பட்டி வட்டாரம். நடந்த பாடங்கள் மூன்று. வந்தவர்கள் யாருமில்லை."

"ஒருவர்கூடவா?" என்றான் ராஜா.

"ஒருவர்கூட இல்லை மகாராஜா!" பரமகுரு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "கல்வியில் நாட்டமே இல்லாத சனங்கள். வண்டிப் பயணத்தில் என் இடுப்பு போனதுதான் மிச்சம். நிறுத்திவிடலாம்."

"நிறுத்திவிடுங்கள்" என்றான் ராஜா. "கோமளம், உத்தரவை எழுது."

அவள் எழுத்தாணியை எடுத்தாளோ இல்லையோ, வாசலில் ஒரே சத்தம்.

"யம்மா, என் ஈட்டியை விடு!" இது காவலாளி.

"உன் ஈட்டி எனக்கெதுக்கு? செருப்பை அதுல மாட்டிட்டு வந்துடுறேன். ராசாவைப் பார்க்கணும்."

உள்ளே வந்தவள் பொன்னுருவி. ஓடைப்பட்டியில் ஆடு மேய்ப்பவள். வந்ததும் கும்பிட்டாள்.

"சாமி, என் ஆடு முப்பதும் நொண்டுது. இதுக்குப் பேரு குளம்பழுகல்னு போன பாடத்துல வைத்தியர் ஐயா சொன்னாரு. அழுகினதை எப்படிச் சீவணும், என்ன மருந்து வைக்கணும்னு அடுத்த பாடத்துல ஆட்டைப் பிடிச்சே காட்டுறேன்னாரு. இப்ப பாடத்தையே நிறுத்தப் போறாங்கன்னு ஊருல பேசிக்கிறாங்க. நோவுக்குப் பேரை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பேரைச் சொல்லிக் கூப்பிட்டா போயிருமா?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நீ பாடத்துக்குப் போனாயா?" ராஜா ஓலையைப் பார்த்தான். "வந்தவர்கள் யாருமில்லை என்றல்லவா இதில் இருக்கிறது?"

"போகாம? நாப்பது பேரு இருந்தோம். உட்கார இடமில்லாம நான் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்!"

"பொய்!" என்றார் பரமகுரு. "வண்டியிலிருந்து சாவடி வாசல் நன்றாகத் தெரியும். மூன்று பாடத்துக்கும் நானே எண்ணினேன். ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. வந்திருந்தால் செருப்பு கிடக்காதா?"

"வாசல்ல விடுவோமா சாமி? எங்க ஊரு நாய்ங்களுக்குத் தோலுன்னா உசுரு. கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிரும். எல்லாரும் சாவடிக்குப் பின்னாடி வேப்பமரத்துலதான் மாட்டுவோம்."

ராஜா யோசித்தான். யோசித்துவிட்டு, வழக்கப்படி தப்பான முடிவுக்கு வந்தான்.

"இருக்கலாம். ஆனால் ஓலையில் இல்லையே. எண்ணி எழுதியது எழுதியதுதான். கோமளம், பாடங்கள் நின்றன என்று எழுது."

பொன்னுருவியின் முகம் செத்துப்போயிற்று.

கோமளவல்லி எழுத்தாணியைக் கீழே வைத்தாள்.

"எழுதுகிறேன் மகாராஜா. ஒரு உத்தரவு செல்லுபடியாக வேண்டுமென்றால், அதைப் போடும்போது அரசர் சபையில் இருக்க வேண்டும். இது நம் சட்டம், இல்லையா?"

"ஆமாம்."

"ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு வாசலில் கிடக்கும் செருப்புதான் சாட்சி. பண்டிதரே, சரிதானே?"

"அதைவிடச் சரியான சாட்சி கிடையாது, அம்மணி" என்றார் பரமகுரு, பெருமையாக.

"அப்படியென்றால் ஒரு நிமிஷம்."

எழுந்து வாசலுக்குப் போனாள். விரல்விட்டு எண்ணினாள். திரும்பி வந்து, ஒரு புது ஓலையில் நிதானமாக எழுதி, உரக்கப் படித்தாள்.

"இன்றைய சபை. வாசலில் கிடந்தவை பதினேழு ஜோடி. மந்திரியுடையது உண்டு. சேனாதிபதியுடையது உண்டு. பரமகுருவுடையதும் உண்டு, வார் அறுந்திருக்கிறது. அரசருடையது இல்லை. ஆகவே, மருதவர்ம மகாராஜா இன்று சபைக்கு வரவேயில்லை."

"என்ன உளறுகிறாய்? என் பாதரட்சை என் காலில் இருக்கிறது! இதோ உன் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்!"

"கண்ணுக்குத் தெரிகிறது மகாராஜா. ஓலையில் இல்லையே. எண்ணி எழுதியது எழுதியதுதான். வராத அரசர் போட்ட உத்தரவை நான் எப்படி எழுதட்டும்?"

பரமகுரு ஜன்னல் பக்கம் பார்த்தார். ராஜா தன் காலைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கோமளவல்லியிடம் கொடுத்தான்.

"பரமகுருவே, நாளைக்கே வைத்தியருடன் ஓடைப்பட்டிக்குக் கிளம்பும். இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கும். முன்வரிசையில் உட்காரும். அவர் சீவும்போது ஆட்டின் காலைப் பிடித்துக்கொள்ளும்."

"மகாராஜா, என் இடுப்பு..."

"பொறும், இது இன்னும் உத்தரவாகவில்லை. நான்தான் வரவில்லையே!" ராஜா சிரித்துக்கொண்டே பாதரட்சைகளைக் கழற்றி நீட்டினான். "யாரங்கே? முதலில் இவற்றை வாசலில் கொண்டுபோய் வையுங்கள்."

பொன்னுருவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ ராசா, கீழே வைக்காதீங்க! இப்படிக் குடுங்க, ஈட்டியில மாட்டிடுறேன்."