சாம்பார் வாளி

கோப்பை வாங்கிக் கொடுத்த கபடிக் கோச் ஆவுடையப்பனை, வெற்றியின் ஈரம் காய்வதற்குள் அணிக் கமிட்டி நீக்கிவிட்டது. காரணம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். கேப்டனோடு முட்டல் என்றான் ஒருவன். எதிரணியோடு ரகசியப் பேச்சு என்றான் இன்னொருவன். ஊர் அணி எங்கே ஆடினாலும் முன்வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிற குத்தாலிங்கம் மட்டும் சளைத்தவரா? கோச்சுக்குக் குடி ஜாஸ்தியாமே என்று தன் பங்குக்கு ஒன்றை அவிழ்த்துவிட்டார். மறுநாள் வேறொருவர் அதையே அவரிடம் வந்து சத்தியம் பண்ணிச் சொன்னார். மனுஷன் நம்பியும்விட்டார்.

ஆனாலும் உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. மடத்துச் சாமியிடம் போனார். சாமி வயதில் இளையவர். குத்தாலிங்கம் தன் சீடர்தான் என்றாலும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“ஆவுடையப்பனை எதுக்கு சாமி நீக்கியிருப்பாங்க?”

சாமி பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. “நாளையிலிருந்து நீங்க சாம்பார் வாளியைத் தொட வேண்டாம், அண்ணாச்சி” என்றார்.



மடத்தில் தினமும் மத்தியானம் பந்தி உண்டு. சாம்பார் வாளி வருஷக்கணக்காகக் குத்தாலிங்கம் கையில்தான். மறுநாள் அது வேறொருவர் கையில் வந்தபோது, குத்தாலிங்கம் இலைமுன் உட்கார்ந்திருந்தார்.

பந்தி சும்மா இருக்குமா? முருங்கைக்காயை எல்லாம் வேண்டப்பட்டவர்களுக்கே அள்ளி ஊற்றினாராம், சாமி கையும் களவுமாகப் பிடித்துவிட்டாராம் என்றார்கள். கை நடுக்கமாம், யாருடைய மடியிலோ கொட்டிவிட்டாராம் என்றார்கள். வாளியோடு வீட்டுக்கே கொண்டுபோனதாகவும் ஒரு பேச்சு. குத்தாலிங்கம் காதுபடவே பேசினார்கள். அவர் தெருவில் நடப்பதையே குறைத்துக்கொண்டார். ராப்பகலாக யோசித்தும் தான் செய்த தப்பு என்னவென்று பிடிபடவில்லை.

அந்த வாரக் கடைசியில் குத்தாலிங்கம் சாமி முன்னால் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது.

“நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிருங்க, சாமி.”

“ஒரு தப்பும் இல்லை. நாளைக்கே வாளியை எடுத்துக்கிடுங்க.”

குத்தாலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் எதற்கு இந்த அவமானம் என்று கேட்டார். ஊர் பேசினதை எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினார். சாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“இதுல எது உங்களுக்கு ரொம்ப வலிச்சுது, அண்ணாச்சி?”

குத்தாலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேசினதுகூடப் போகட்டும் சாமி. எல்லாரும் என் கையால சாப்பிட்டவங்க. ஒருத்தராவது வீடு தேடி வந்து, என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே.”

சாமி அவரையே பார்த்தார்.

“ஆவுடையப்பன் வீட்டுக்கு யாரு போனா, அண்ணாச்சி?”