மலையில் தைல வாசனை

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘ஐயா’ என்பார்.

சீடர் பெயர் திருமேனி. திண்டுக்கல்லில் ரைஸ்மில் நடத்தியவர். ஒரே மகள் பூங்கோதை தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். “இனி இந்த வாசலை மிதிக்காதே” என்று சொல்லிவிட்டார். இப்போது அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

“மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா. என்ன செய்யட்டும்?” என்று வந்து நின்றார்.

“நான் இமயமலைக்கு நடக்கப் போறேன். வர்றீங்களா?” என்றார் குரு சுகந்தவல்லி.

அவர்கள் போன இடம் ஒரு பனிமலைத் தேசியப் பூங்கா. ரோடு கிடையாது, கடை கிடையாது, போனுக்கு டவர் கிடையாது. உயரத்தில் ஓர் ஏரி மட்டும் உண்டு என்றார்கள். திருமேனி பையில் ஒரு செம்பை எடுத்து வைத்துக்கொண்டார். ஏரித் தண்ணீரை அதில் பிடித்து மகளுக்குக் கொண்டுபோக வேண்டும். வெறுங்கையோடு அவள் வீட்டு வாசலில் நிற்க அவரால் முடியாது.

வழிகாட்டி தாஷி முதலிலேயே சொல்லிவிட்டார். குருதான் அதைத் தமிழில் சொன்னார். தலை வலித்தால் மறைக்கக் கூடாது. வலியோடு ஏறினால் உயிருக்கே ஆபத்து. இறங்கிவிட வேண்டும்.

தாஷி பகலில் மேலே ஏற்றுவார். சாயந்தரம் கொஞ்சம் கீழே இறக்கிப் படுக்க வைப்பார். அந்த உயரத்துக் காற்று உடம்புக்குப் பழக வேண்டுமாம். திருமேனிக்குப் பொறுக்கவில்லை.

“ஏறினதை எதுக்கும்மா இறங்கணும்? இப்படியே போனா நாம ஊருக்குப் போறதுக்குள்ள பேரன் நடக்க ஆரம்பிச்சிடுவான்.”

“பேத்தியா இருந்தா?”

“பேத்தியும்தான் நடப்பா. நீங்க வேற!”

ஏரிக்குப் போகிற நாள் வந்தது. திருமேனி எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

“தலை வலிக்குதா ஐயா?”

“இல்லையே.”

“தைல வாசனை வருது.”

“கொசுவுக்குத் தடவினேன்.”

குரு சுற்றிலும் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் பனி.

“இங்க ஏது ஐயா கொசு?”

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார். தாஷிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மூக்கு இருந்தது. கீழ்ப்பக்கம் கையைக் காட்டினார்.

“எப்பலேர்ந்து வலி?”

“நேத்துலேர்ந்து.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா இறக்கிடுவீங்களே! அதோ, அந்த மேட்டைத் தாண்டினா ஏரி. நீங்க இருங்க, நான் மட்டும் ஓடிப் போயிட்டு வந்துடறேன்.”

எழுந்தார். கால் பின்னிக்கொண்டது. தாஷி தாங்கிப் பிடித்தார்.

“காலிச் செம்போட நான் எப்படிம்மா போய் நிப்பேன்?”

குரு திருமேனியின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்.

காலையில் தாண்டி வந்த ஓடை எதிர்ப்பட்டது. குரு பையிலிருந்து செம்பை எடுத்து, குனிந்து நிரப்பினார்.

“இது ஓடைத் தண்ணிதானேம்மா.”

“ஏரியிலேர்ந்துதான் வருது.”

செம்பின் வாயைத் துணியால் கட்டி அவரிடம் கொடுத்தார். திருமேனி அதை மார்போடு அணைத்தபடி நடந்தார். இறங்க இறங்கத் தலைவலி விட்டது. மனசு மட்டும் விடவில்லை. நாலு அடி போவார், நிற்பார்.

மரங்கள் தெரிய ஆரம்பித்த இடத்தில் திரும்பி நின்றுவிட்டார்.

“தண்ணி சரிம்மா. அவ கதவைத் திறந்தா முதல்ல என்ன சொல்றது? மன்னிச்சிட்டேன்னு சொல்லவா?”

குரு செம்பின் துணி முடிச்சை இறுக்கிவிட்டார்.

“வலிக்குதுன்னு சொல்லுங்க ஐயா. கொசுன்னு சொல்லாதீங்க.”