முப்பத்தேழு மொழிகள்

முதலில் செங்கமலத்தின் நாற்காலியைப் பிடுங்கினார்கள். ஒப்பந்த ஊழியருக்கு ஸ்டூல் போதுமாம். அடுத்து, பிரசவ விடுப்பை மறுத்தார்கள். மூன்றாவதாக, அவள் பாடுபட்டு எழுதிய அறிக்கையில் மேலாளர் திருவேங்கடநாதன் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். நான்காவது இது: நிறுவனத்தின் கிளைக் கணினிகளுக்கெல்லாம் மென்பொருள் புதுப்பிப்புகளை அனுப்பும் சர்வரில் இடம் தீர்ந்தது. விசாரிக்காமலே பழி அவள்மேல் விழுந்தது.

மேலாளர் ஊழியர்களையெல்லாம் கூட்டினார்.

"ஏம்மா, மத்தியானத்துக்குள்ள பாதி இடம் காலியாகணும். இங்க யாருக்காவது தேவைப்படுற ஒரு ஃபைல் அழிஞ்சாலும் உனக்கு வேலை கிடையாது."

"சரிங்க சார். ஐஸ்லாந்து மொழி தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கையும் எழவில்லை.

"ஹங்கேரி மொழி?"

அதற்கும் இல்லை.

"முப்பத்தேழு மொழிக்கும் புதுப்பிப்பு இறங்கிக் கிடக்கு சார். நமக்கு இங்கிலீஷ் ஒண்ணுதான் வேணும்."

மற்றவற்றை அழித்தாள். முக்கால்வாசி இடம் காலியானது.

மேலாளர் முகம் கறுத்தது. "சர்வர் செட்டிங்ல எல்லா மொழியையும் டிக் பண்ணின தறுதலை நீதானே? யார் மாத்தினாங்கன்னு சர்வர் பதிவுல பேர் இருக்கும், சத்தமாப் படி! அந்த ஆள் இன்னிக்கே வீட்டுக்குப் போகணும். எல்லாரும் சாட்சி!"

செங்கமலம் திரையைப் பார்த்து, நாற்பது பேர் கேட்க, நிதானமாகப் படித்தாள்:

"திருவேங்கடநாதன், மேலாளர்."