பாதி முற்றம்

"அம்மா, என் மக என்கிட்ட பேசவே மாட்டேங்கா," என்றார் கொண்டல்சாமி. "கல்யாணமாகிப் போய் ரெண்டு வருஷம். போன் போட்டா ரெண்டு வார்த்தை. அப்புறம் சத்தமே இல்லை."

மடத்து அம்மாவுக்கும் அந்த மகள் வயதுதான் இருக்கும்.

"சத்தம் இல்லாதப்போ நீங்க என்ன செய்வீங்க, அண்ணாச்சி?"

"சும்மா இருக்க முடியுமா? மாப்பிள்ளை வேலை, வீட்டு வாடகை, நாலு புத்திமதினு நானே பேசுவேன். அவ வச்சிருவா."

அம்மா முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடை. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சில வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரை போகும்.

கொண்டல்சாமி முப்பது வருஷம் நகரத்தில் கொத்தனாராக இருந்துவிட்டு, இப்போது மடத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர். வெடிப்பைக் கண்டால் அவர் கை நிற்காது.

"இதை அடைச்சிரட்டுமா?"

"அடைங்க. பாதி முற்றம் மட்டும்."

"மீதி?"

"அது கிடக்கட்டும்."

அம்மாவின் அறை வாசலை ஒட்டிய பாதியைக் கொண்டல்சாமி தேர்ந்தெடுத்தார். வெடிப்புகளில் சரளையும் மணலும் கொட்டி, கடப்பாரையால் இடித்து இறுக்கினார். வேலை சுத்தமாக இருந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை.

நான்காம் நாள் காலை அம்மாவின் அறைக் கதவு திறக்கவில்லை. அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. வாசலில் தரை நாலு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது.

"அம்மா, கதவு மாட்டிக்கிச்சு."

"தெரியுது. காபியை ஜன்னல் வழியா குடுங்க."

கொடுத்துவிட்டு மறுபாதி முற்றத்துக்குப் போனார். வெடிப்புகளைத் தேடினார். ஒன்றுகூட இல்லை. ஈரத் தரை சமமாகக் கிடந்தது. அதில் ஒரு கோழி நடந்துகொண்டிருந்தது.

"நான் போட்ட சரளைதான், அம்மா. மண்ணு நனைஞ்சா உப்பும். உப்புறதுக்கு அது வச்சிருந்த இடம்தான் அந்த வெடிப்பு. அதுல போய் நான்..."

நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளுக்குப் போட்டார்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"சாப்பிட்டேன்."

சத்தமில்லை.

கொண்டல்சாமி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கோழி முற்றத்தின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மறுபடியும் சத்தமில்லை.

பிறகு, "இங்க ஒரு கூத்து நடந்துச்சுப்பா," என்று ஆரம்பித்தாள். சொல்வதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது.

"அண்ணாச்சி, கதவு?"

கொண்டல்சாமி உதட்டில் விரல் வைத்தார்.