மூன்று வாசல் விருந்து

“என் சாலையில் அடுத்த நாட்டு வண்டி ஓடுவதா? நடக்காது!” என்று நெடுவேள் மன்னர் தாம்பூலத் தட்டைத் தள்ளிவிட்டார். ஒரு பாக்கு உருண்டு போய் உப்பளநாட்டு அரசர் கடலேறுவின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “என் சாலையிலும் நடக்காது” என்றார்.

செந்நெல்நாட்டை ஒரு காலத்தில் ஆண்டவர் இந்த நெடுவேள். நல்ல மனிதர்தான். காலையில் சொன்னது மத்தியானம் அவருக்கு நினைவிருக்காது, அவ்வளவுதான். மூன்று நாடுகளும் சேர்ந்து செழிக்க வழி காண்போம் என்று மற்ற இருவரையும் எல்லை மண்டபத்துக்கு அழைத்தவரே அவர்தான்.

நெல் இவரிடம் இருந்தது. உப்பு கடலேறுவிடம். மிளகும் மரமும் மலைநாட்டு ராணி வேங்கைநாச்சியிடம். ஆனால் ஒன்று இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பாடு. மூன்று நாடுகளிலும் கல் பாவிய சாலைகள். சக்கரம் ஓடக் கல்லில் தடம் வெட்டியிருந்தார்கள், ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வோர் அகலத்தில். அயல்நாட்டு வண்டி வந்தால் ஒரு சக்கரம் தடத்தில் இறங்கும், மற்றது மேலே நின்று அழும். அதனால் எல்லைதோறும் சரக்கை இறக்கி, சோதித்து, வேறு வண்டியில் ஏற்ற வேண்டும்.

அந்த வருஷம் மலையில் தினை விளையவில்லை. வேங்கைநாச்சி வாங்கிய நெல் எல்லைச் சோதனைக்காக இறக்கப்பட்டு, மண்டபத்துக்கு வெளியே மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“யாருடைய அகலமானாலும் சரி, ஒன்றைச் சொல்லுங்கள்” என்றார் ராணி. “நனைந்தால் நெல் முளைத்துவிடும். என் ஜனங்கள் கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருக்கிறார்கள்.”

சுங்கத்தலைவர் திருவேகம்பர் எழுந்தார். அமைச்சர் காரிநம்பியின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். “மகாராஜா, தடம் என்பது நாட்டின் மானம். இறக்கி ஏற்றுவதில் யாருக்கு என்ன குறைந்துவிட்டது? கொஞ்சம் நேரமாகும். அமைச்சர்தான் பெரிய யோசனைக்காரர் ஆயிற்றே! பொழுது சாய்வதற்குள் மூவரையும் இணங்க வைக்கட்டும். முடியாவிட்டால் ஆசனத்தை விட்டு இறங்கட்டும்.”

“அதுவும் சரிதான்” என்றார் மன்னர். “கேட்டதா, காரிநம்பி?”

“கேட்டது, மகாராஜா. முதலில் சாப்பிடுவோம். விருந்தைச் சுங்கத்தலைவரே நடத்தட்டும், எல்லையில் நடத்துகிற அதே முறையில். அண்டை அரசர்களும் அவர் திறமையைப் பார்க்க வேண்டாமா?”

திருவேகம்பருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாசல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டுக் காவலரை நிறுத்தினார். அந்தந்த வாசலில் அந்தந்த நாட்டுப் பாத்திரம்தான் நுழையலாம். மூன்றாம் வாசல் மலைநாட்டுக்கு. அதைக் காரிநம்பி மூங்கில் வைத்துக் குறுக்கியிருந்தார். “மலைக் கணவாய் அப்படித்தானே, தலைவரே?” என்றார். திருவேகம்பர் அதையும் ரசித்தார்.

இலை போட்டாயிற்று. நெய்ச்சோற்றின் மணம் கூடத்துக்கு வந்தது. சோறு வரவில்லை.

“எங்கே, ஐயா?” என்றார் மன்னர்.

“முதல் வாசலில் சோதனை, மகாராஜா” என்று திருவேகம்பர் பெருமையோடு சொன்னார். “அண்டாவை இறக்கிவிட்டார்கள். கிளறிப் பார்க்கிறார்கள்.”

இரண்டாம் வாசலில் ஏதோ கவிழ்ந்த சத்தம் கேட்டது.

“அது ரசம்” என்றார் காரிநம்பி. “மாற்றி ஊற்றும்போது கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்.”

ஒரு வழியாக ஆறிப்போன சோறு ஒரு கைப்பிடி வந்தது. கடலேறு வாயில் வைத்ததும் முகம் கோணினார். “உப்பே இல்லையே!”

“உப்பு இரண்டாம் வாசலில் நிற்கிறது, அரசே. தங்கள் காவலர்தான் இன்னும் விடவில்லை” என்றார் காரிநம்பி.

“உப்பளநாட்டு அரசனுக்கு உப்பில்லாத சோறா!”

வேங்கைநாச்சி சிரித்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நெடுவேளுக்குப் பசி கண்ணை மறைத்தது. “ஓய் திருவேகம்பரே! எத்தனை தடவை ஐயா இறக்குவீர், ஏற்றுவீர்? மூன்று வாசலிலும் நுழைகிற ஒரே பாத்திரத்தில் போட்டு நேரே கொண்டு வரச் சொல்லும்!”

“வாசல் மலைநாட்டுப் பக்கம்தான் குறுகல், மகாராஜா” என்றார் காரிநம்பி. “அப்படியானால் மலைநாட்டுப் பானையில்தான் வர வேண்டும்.”

“எந்த நாட்டுப் பானையாயிருந்தால் எனக்கென்ன? சோறு வரட்டும்!”

“உப்பும்” என்றார் கடலேறு.

பானை வந்தது. எங்கும் நிற்காமல், ஆவி பறக்க வந்தது. மூவரும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை சோறு வாங்கிய பிறகே நெடுவேள் நிமிர்ந்து அமைச்சரைப் பார்த்தார். மன்னர் சஞ்சலபுத்திக்காரர்தான், மந்தபுத்திக்காரர் அல்ல.

“மலைவண்டியின் அகலம்” என்றார் மெதுவாக.

“ஆமாம், மகாராஜா. கணவாயை அகலப்படுத்த நம்மால் ஆகாது. நம் தடங்களில் சரளை கொட்டி நிரவினால் மலைவண்டி இன்றைக்கே ஓடும். மழைக்குப் பிறகு மூன்று நாட்டிலும் அந்த அகலத்திலேயே புதுத்தடம் வெட்டலாம். சோதனை, புறப்படும் இடத்தில் மட்டும். இது தாங்கள் இட்ட கட்டளைதான். நான் சோற்றிலிருந்து வண்டிக்கு மாற்றினேன், அவ்வளவே.”

கடலேறு விரலை நக்கியபடி தலையாட்டினார். வேங்கைநாச்சி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“நாட்டின் மானம் என்றீரே, திருவேகம்பரே” என்றார் மன்னர். “ஒருவேளைப் பசிக்கு அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சரளை போடும் வேலை உம்முடையது. எழுந்திரும். காரிநம்பி, உமக்கு என்ன வேண்டும்? கேளும்.”

“ஓர் இலை போடச் சொல்லுங்கள், மகாராஜா. காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை.”

மன்னர் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

வெளியே மலைவண்டிகள் வரிசையாக வந்து நின்றன. மூன்று நாட்டு ஆட்களும் சரளை கொட்டினார்கள், மூட்டை தூக்கினார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் கேலி செய்தார்கள். முதல் தூறல் விழுவதற்குள் பாதிக்கு மேல் ஏற்றியாயிற்று. பாரம் ஏற ஏறக் கடைசி வண்டி சரிவில் மெல்லப் பின்வாங்கியது. அந்த வழியாக வந்த திருவேகம்பர் குனிந்து, ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.