சுவர் இல்லாத பள்ளிக்கூடம்

பீஸ் வாங்காத அந்தத் தோப்புப் பள்ளிக்கூடத்தில் பரீட்சையும் கிடையாது, சுற்றுச்சுவரும் கிடையாது. அரசு உதவி கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் பள்ளிக்கூடமே கிடையாது.

பார்வையிட வந்த கல்வி அதிகாரி தணிகாசலம் உதட்டைப் பிதுக்கினார். "சுவர் இல்லேன்னா பிள்ளைங்க ஓடிப்போயிடும். முதல்ல சுவரைக் கட்டுங்க, அப்புறம் உதவி கேளுங்க."

சமையல்காரி சொர்ணம் கரண்டியோடு வந்தாள். "அய்யா, இன்னைக்கு லீவுன்னு நீங்களே சத்தமாச் சொல்லிப் பாருங்க. ஓடுறது யாருன்னு தெரிஞ்சிடும்."

அதிகாரி முழங்கினார். "எல்லாருக்கும் இன்னைக்கு லீவு!"

பிள்ளைகள் அசையவில்லை. ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "நாங்க என்ன சார் தப்பு பண்ணினோம்?" என்று கேட்டாள்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். கூட வந்த குமாஸ்தாக்கள் இருவரும் சாப்பாட்டுப் பையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

சொர்ணம் கேட்டாள், "இப்பச் சொல்லுங்கய்யா, சுவரை எங்கே கட்டணும்?"