ஜமீன்தார் நாக்குக்குத் தெரியாத முட்டை

கொண்டலூர் ஜமீன்தாருக்கு முட்டை என்றால் உயிர். அரண்மனைக் கோழிகள் இட்டதெல்லாம் அவர் வயிற்றுக்குத்தான். பன்னிரண்டு வருஷமாகச் சமைக்கிற பொன்னுரங்கத்துக்கு முட்டை ஓட்டை அள்ளிக் கொட்டுகிற வேலைதான் மிச்சம்.

ஒருநாள் விருந்துக்கு வந்த சம்பந்தியின் முன்னால் ஜமீன்தார் மீசையை நீவிக்கொண்டார்.

"அவித்தும் பொரித்தும் குழம்பில் போட்டும் தின்று அலுத்துவிட்டது, பொன்னுரங்கம். என் நாக்குக்கு ருசி தெரியாத முட்டை ஒன்று இப்போதே வரவேண்டும். இல்லையென்றால் நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை கிடையாது."

"ஆகட்டும் எஜமான்."

பொன்னுரங்கம் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு ஒரு முட்டையைப் பொரித்துக் கொண்டுவந்தான். வாசனைக்கு ஜமீன்தாரின் கை தானாக நீண்டது. அவனோ எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிதானமாக, கடைசித் துணுக்கு வரை தானே தின்று முடித்தான்.

"என்னடா இது?"

"உங்கள் நாக்குக்கு ருசி தெரியாதது நான் தின்ற இந்த ஒரு முட்டைதான், எஜமான். மற்றதெல்லாம் நீங்கள் தின்றாயிற்று."

சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனை வருஷத்தில் இவனுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லையா?"

ஜமீன்தார் எச்சிலை விழுங்கினார். "சரி, எப்படித்தான் இருந்தது?"

"ஒன்றில் சரியாகப் பிடிபடவில்லை எஜமான். இன்னொன்று தின்றால் சொல்லிவிடுவேன்."